தேவாலயத்துக்கு எதிரே ஒரு பப்

உலகின் மறுகோடியில், ஹென்டர்சன் என்ற புறநகரிலுள்ள தன் வீட்டுக் குசினியில் இருந்தபடி, இங்கிலாந்துக் கிராமமொன்றின் சுற்றுலாத் தொலைபேசிக்குப் பதில் சொல்வது கௌரியின் வேலை. அங்கே இரவென்றால் இங்கே பகல். இருக்கும் இடத்தை வாய்தவறிச் சொன்னாலும் வேலை போய்விடும்.

இன்றைக்கும், லண்டனிலிருந்து பேசுவதாகச் சொல்லி அடிக்கடி அழைக்கும் அந்தக் கிழவர்தான்.

"அடுத்த கிழமை வாறன் பிள்ளை. தேவாலயத்துக்கு எதிரே ஒரு பப் இருக்குதாமே?"

கௌரிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "ஓம் ஐயா, நானூறு வருசப் பழசு. குனிஞ்சுதான் உள்ளே போகவேணும்."

"பியர் எப்படி?"

"அந்தமாதிரி! அப்படியொரு ருசி," என்றாள், சாராய வாடையே ஆகாத கௌரி.

"நீர் அந்த ஊர்தானே?"

"பக்கத்துத் தெரு."

அந்நேரம் பார்த்துத் தீயணைப்பு வண்டியொன்று அலறிக்கொண்டு அவள் வாசலைக் கடந்தது. இது இங்கிலாந்துச் சத்தமில்லையென்று கிழவர் முறையிட்டால்? கௌரி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே சத்தம் தேய்ந்தது. தொலைபேசிக்குள் அதே அலறல் இப்போதுதான் பெரிதாகிக்கொண்டு வந்தது.

கௌரி கண்ணைத் திறந்தாள்.

"எங்கட முதியோர் இல்ல வாசலாலதான் போகுது," என்றார் கிழவர் மெல்ல. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பப்புக்குப் பின்னால எண்டு நீர் சொல்லுற அந்த ஆறு இன்னும் ஓடுதா, பிள்ளை?"

"ஓம் ஐயா," என்றாள் கௌரி. "ஓடுது."