ஏழாம் நம்பர் கட்டிலில் விழுந்த குழி

ஏழாம் நம்பர் கட்டிலில் மூன்று நாளாக ஆள் இல்லை. ஆனாலும் வார்டு வேலையாள் செல்லக்கண்ணு விரிப்பை எத்தனை தரம் இழுத்துச் செருகினாலும், இடப்பக்கம் யாரோ ஒருக்களித்துப் படுத்த மாதிரிக் குழி விழுந்தது.

“என்ன அண்ணே, பகல்லயே ஒரு தூக்கம் போட்டாச்சா?” என்று பக்கத்துக் கட்டில்காரர் கிண்டல் செய்தார்.

“சிரிக்காதீங்க லா. பெரிய நர்ஸ் மிஸி பார்த்தா என் வேலை போயிரும்.”

நர்ஸ் சந்திரமதியைக் கூட்டிவந்து காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

“வீராசாமி ஐயாவை இந்தப் பக்கம்தான் படுக்கவச்சேன். சாப்பாட்டு நேரத்துல திருப்பிப் போடுறேன்னு சொன்னேன். வேற கேஸ் வந்துச்சு, மறந்துட்டேன். வந்து பார்த்தா உசிரு போயிருந்துச்சு.”

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டையோடு விழுந்து இடுப்பொடிந்தவர் அவர். தானாகப் புரளமாட்டார். அவர் போன நாளிலிருந்து சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை.

“வாங்கண்ணே, இப்ப திருப்பிடுவோம்” என்றாள்.

என்னதான் ஆகும், பார்த்துவிடலாம் என்று செல்லக்கண்ணுவுக்குத் தோன்றியது. தோள் இருக்கவேண்டிய இடத்தில் அவள் கை கொடுத்தாள். இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் அவன்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு.”

அவனும் மூட்டை தூக்கியவன்தான். ஆனாலும் கை கனத்தது. வலப்பக்கம் தலையணை மெல்ல அமுங்கியது.

“இப்ப சரியா இருக்கா ஐயா?” என்று கேட்டுக்கொண்டே, வழக்கம்போல முதுகுக்குப் பவுடர் தூவினாள்.

விரிப்பில் ஒரு துளிகூட விழவில்லை.