வரததாசனும் அரங்கதாசனும்

இணையக் கலைக்களஞ்சியத்துப் பாசுர விளக்கக் கட்டுரை ஒன்றை வரததாசன் திருத்த, அரங்கதாசன் அழிக்க, பூசல் முற்றியது. சமாதானமாகாவிடில் கட்டுரையையே யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிடுவதாகச் சொல்லி நடுவர் ஜாஹ்னவி இருவரையும் சின்னக் காஞ்சியிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்தாள். அடுத்த தெருச் சக்ரவர்த்தி மாமா மட்டும் வந்தார்.

“நான்தாம்மா வரததாசன்.”

“வாங்கோ மாமா. அரங்கதாசன் பயந்துட்டாரா?”

“அவனும் வந்தாச்சு.”

ஜாஹ்னவி வாசலை எட்டிப் பார்த்தாள். ஒருவருமில்லை.

“அங்கே என்னம்மா பார்க்கறே? அவனும் நான்தான்!”

“உங்களோட நீங்களே சண்டையா? எதுக்கு மாமா?”

“ஆசையா எழுதினேன், ஒரு வருஷம் ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. சண்டை மூட்டினதும் கருடசேவைக் கூட்டம்! வந்தவா பாசுரத்தையும் படிக்கறா. சமாதானம் கிமாதானம்னு கெடுத்துடாதேம்மா!”

அன்று மாலை ஜாஹ்னவி கட்டுரையைப் பூட்டவில்லை. ‘கச்சிதாசன்’ என்னும் பெயரில் மூன்றாவது கட்சியாகக் களம் புகுந்தாள்.