மேடம் கொண்டுவந்த தீப்பெட்டி

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்கு ஒத்துவரவில்லை. பதினெட்டு வருடம் பட்டாசு ஆலையில் சம்மணம் போட்டுத் திரி செருகிய இடுப்பு.

சமுதாயக் கூடம். வட்டமாக ஒன்பது பெண்கள். வெடிவிபத்துக்குப் பிறகு வாரம் ஒரு நாள் கூடிப் பேசுகிறார்கள். இது பத்தாவது வாரம். கடைசி.

முதல் மூன்று வாரம் கவுன்சலிங் மேடத்தின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். அவர் தலையாட்டினால் நிறுத்தினார்கள்.

நாலாவது வாரம் சண்டை. உனக்குக் கை மட்டுந்தான போச்சு, எனக்கு ஆளே போச்சு என்று.

அதற்குப் பிறகுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"யார் பிழைச்சா, யார் போனா, அதுக்கெல்லாம் காரணமே கிடையாதும்மா," என்றார் மேடம். "இனிமே எப்படி வாழப்போறோம், அது மட்டுந்தான் நம்ம கையில இருக்கு."

எதிரே சுப்புத்தாய். மகளைப் பறிகொடுத்தவள். பத்து வாரமாக ஒரே கேள்விதான் கேட்கிறாள். பெட்டியில் வெடி அடுக்குகிறவள், திரி செருகுகிற அறைக்கு அன்று ஏன் போனாள்?

காரணம் இருந்தது.

ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள். கைரேகை வைக்க, அந்த அறையில் திரி செருகிக்கொண்டிருந்த இவள் போக வேண்டும். ஆள் குறைந்தால் போர்மேன் கத்துவான். ஒரு மணி நேரம் என் இடத்துல இரு தாயி என்று சுப்புத்தாயின் மகளை உட்கார வைத்துவிட்டு இவள் போனாள்.

மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மனதில் உள்ள பாரத்தை எழுதச் சொன்னார். எழுத வராதவர்கள் கோடு போட்டார்கள்.

"இப்ப எல்லாத்தையும் எரிச்சிடலாம்."

பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

ஒன்பது நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன.

ஆலை வாசலில் தினமும் மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு தீக்குச்சி இருந்தாலும் அன்றோடு வேலை போயிற்று.

"வாசல்ல உங்க மடியத் தடவாம விட்டது எங்க தப்புதான் மேடம்," என்றாள் காளீஸ்வரி, இருக்கிற ஒரு கையால் முந்தானையை இழுத்துச் செருகியபடி.

சிரித்தார்கள். சுப்புத்தாய்கூட.

மேடத்துக்கு வியர்த்துவிட்டது. "சரிம்மா, கிழிச்சுப் போடுங்க. இன்னையோட இறக்கி வச்சிடுவோம்."

தாள்கள் கிழிபடும் சத்தம்.

இவள் மட்டும் கிழிக்கவில்லை.

"கிழிங்கம்மா. அப்பதான் நீங்க நல்லாக முடியும்."

"நான் நல்லாகலைன்னாலும் பரவாயில்ல மேடம். காரணம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குக் குறுக்கே நடந்தாள். பத்து வாரத்தில் யாரும் அப்படி நடந்ததில்லை.

சுப்புத்தாயின் எதிரே போட்டாள். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள்.

"என்ன மதினி?" என்றாள் சுப்புத்தாய். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது.

கையில் இருந்தது ஒரு தாள்.

தர வேண்டியது ஒரு மகள்.