மூன்று நிமிடம்

"பதினொரு வருஷமா நான் கண் முழிக்கும்போதே படகு கதகதன்னு இருக்கும் தம்பி. போன வாரத்துலேர்ந்து இந்த டீசல் ஹீட்டர் பத்தவே மாட்டேங்குது."

நொரீன் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கினாள். அவள் குடியிருந்த படகைச் சுற்றிக் கால்வாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தது.

"அந்த ஹீட்டர் பக்கம் சிகரெட் துண்டு கிடந்தா எடுத்துப் போடு. எங்க வீட்டுக்காரர் டெரிக், விடியறதுக்கு முன்னாடி அங்க போய்த் திருட்டு தம் அடிப்பாரு. நான் திட்டாத நாள் கிடையாது."

படகின் பின்கட்டில் மண்டியிட்டிருந்த எலக்ட்ரீஷியன் ரஸ் சிரித்தான். "துண்டெல்லாம் இல்லம்மா. ஆனா இது பழைய கோளாறு. ஒயர் முனை பச்சை பூத்துக் கிடக்கு. டீசல் பத்திக்கிற மூணு நிமிஷம் கரண்ட் நிறைய இழுக்கும். அதுவரைக்கும் இதை யாராவது அழுத்திப் பிடிக்கணும். பாருங்க, கட்டைவிரல் பட்டுப் பட்டு இங்க மட்டும் தேஞ்சிருக்கு."

நொரீன் எட்டிப் பார்த்தாள்.

"பத்து நிமிஷ வேலைய நாளைக்கு நாளைக்குன்னு தள்ளியே ஓட்டிட்டாரே மனுஷன்," என்றான் ரஸ். " கூப்பிடுங்க, நாலு வார்த்தை கேக்கறேன்."

"போன வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணியாச்சு தம்பி."

ரஸ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

அவள் குனிந்து, அந்தத் தேய்ந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"நெசமாவே ஒரு துண்டுகூட இல்லையா?"