சதுப்பில் விரித்தவை

அயல்நாட்டுக் குதிரைவீரர்களான கொசாக்குகளின் பழைய போர் ஒன்றைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் முகிலன் எழுதிய கட்டுரை மறுநாள் முதற்பக்கத்தில் வரவேண்டும். மூன்று நாளாக ஒரே வரியில் இழுபறி. "சதுப்பு வழியே தப்பியோடினர்" என்று அவன் எழுதுவான். அதே கலைக்களஞ்சியத்தைத் திருத்தும் சாந்தகலா முல்லைத்தீவிலிருந்து அதை அழித்து, "பெண்களும் பிள்ளைகளுமாகச் சதுப்பைக் கடந்தனர்" என்று மாற்றுவார்.

"தோத்தவங்க ஓடுனாங்கக்கா. அப்படித்தானே எழுதணும்? நீங்க என்ன கொசாக்குக்கு வக்கீலா?" என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்டான்.

"ஓடுறதெண்டால் காலுக்குக் கீழ நிலம் இருக்கோணும் தம்பி."

கடைசியில் அவன் விட்டுக்கொடுத்தான். அன்று மாலை அவர் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: 'சேற்றில் புதையாமலிருக்க வண்டிப் பலகைகள், சேணங்கள், கம்பளிகள், சேலைகள் ஆகியவற்றை விரித்து அவற்றின்மேல் நடந்தனர்.'

முகிலன் மூலநூலைப் புரட்டினான். பலகை இருந்தது, சேணம் இருந்தது, கம்பளியும் இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"கொசாக்குப் பொம்பளைங்க எப்பக்கா சேலை கட்டுனாங்க? வசமா மாட்டிக்கிட்டீங்க."

சாந்தகலாவின் பதில் வந்தது. "ஓம் தம்பி, அது வேற சண்டை. பிழையா வந்திட்டுது. எடுத்துவிடுங்கோ."

அழிப்பதற்காக 'சேலைகள்' என்ற அந்த ஒரு சொல்லை முகிலன் தேர்ந்தெடுத்தான். திரையில் அது நீலமாக விரிந்து கிடந்தது. அவன் விரல் அழிக்கும் விசையை அழுத்தாமல் அதன்மேலேயே இருந்தது.