பாலோடு வந்த சிவப்பு

குழந்தை அவன் தோளிலேயே கக்கியது. பாலோடு சிவப்பாக.

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. சட்டையை மாற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்துவிட்டான்.

வழியெல்லாம் மனைவியைத்தான் பிடித்துக் காய்ச்சினான். "என்னத்தடி தின்னு தொலைச்ச?"

அவள் முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள்.

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஈறு, மூக்கு, ஆசனவாய், ஒன்றையும் விடவில்லை. மலம் கறுப்பாகப் போகிறதா? ஆமாம், நேற்றிலிருந்து தார் மாதிரி. காய்ச்சல்? இல்லை. வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? இல்லை. பிறந்ததும் ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டார்களா? போட்டார்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் அவன் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தான். காரணமே இல்லாமலா ரத்தம் வரும்?

அவன் குழாய் வேலைக்காரன். எவர் வீட்டுச் சுவர் ஈரம் கட்டினாலும், தடவிப் பார்த்தே எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவான். இத்தனூண்டு உடம்பில் எங்கே கை வைப்பது? எதை மூடுவது?

குழந்தையோ காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஆளு கெட்டியாத்தான் இருக்கா," என்று நர்ஸ் சிரித்தாள். அவளை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவனுக்கு.

டாக்டரம்மா குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, மனைவியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

திரும்பி வந்தவர் நிதானமாகக் கையைக் கழுவினார்.

"சோதனைக்கும் அனுப்பறேன். ஆனா பயப்படாதீங்க. அது குழந்தையோட ரத்தமா இருக்காது."

"பின்ன யாரோடது?"

"அவங்களுக்கு மார்க்காம்பு ரெண்டும் பிளந்து கிடக்கு. குழந்தை பாலோட சேர்த்து அதையும் குடிச்சிருக்கு."

திரை விலகியது. மனைவி ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வைத்திருந்த துணி, மடிப்பு மடிப்பாகச் சிவந்து, தட்டில் கிடந்தது.

"எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். கோபமாகக்கூட இல்லை.

குழந்தை வாயைத் திறந்து திறந்து அவன் நெஞ்சில் தேடியது. கிடைக்காமல் வீரிட்டது. பசி.

மனைவி இரண்டு கையையும் நீட்டினாள்.

கொடுக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவன் நின்றான்.