இடது காது ரப்பர்

"இடது பக்கம் மிருதங்கமே கேக்கல, தமயந்தி. இந்த ரப்பர் என் காதுக்குச் சின்னது" என்றார் வேதாச்சலம் மனைவியிடம். புது இயர்ஃபோனோடு வந்த மூன்று அளவு ரப்பர்களில் சின்னதையும் நடுவையும் காலையிலிருந்து மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியாகப் பெரியதை மாட்டியதும் மிருதங்கம் அதிர்ந்தது.

உடனே, கல்கத்தா கார்டன் ரீச் ஆபீஸில் தன்னோடு வேலை பார்க்கும் ஜெயக்குமாருக்குப் போன் போட்டார். "பெரிய ரப்பர்தான் சரி. இதே இயர்ஃபோன் வாங்கின நம்ம ஆபீஸ்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிடு. என் காது தப்பாச் சொல்லாது."

தமயந்தி, அவர் கழற்றிப்போட்ட நடு ரப்பரை எடுத்துக் காட்டினாள். அதில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"லேக்ல வாக்கிங் போறப்ப, குளிருக்கு மங்கி கேப்புக்குள்ள ரெண்டு காதுலயும் வெச்ச பஞ்சு. வலது காதுல மட்டும்தான் எடுத்தீங்களா?"

அவசரமாக மறுபடி ஜெயக்குமாரை அழைத்தார். எங்கேஜ்டு சத்தம் இடது காதில் கணீரென்று கேட்டது.